லாயத்தில் படுத்திருந்த நாய்

கடந்த ஏப்ரல் விடுமுறையில் குடும்பத்தோடு நுவரெலியாவுக்குச் சென்றிருந்தேன். சித்திரை மாதத்தில் கல்முனைக் கரையின் வெக்கை தாங்காமல் மலையேறும் ஆயிரக்கணக்கானோரில் நாங்களும் ஒரு வான் நிறையச் சென்றவர்கள். கிரகரி வாவிக் கரையில் மட்டக்குதிரைகளின் மேல் சிறுவர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டிப் பிழைப்போர் பலர் நிற்பார்கள். குதிரையேற வேண்டுமென்று என் இளைய மகள் அடம்பிடித்ததனால் விலை பேசுவதற்காக அவர்களில் ஒருவரை அணுகினேன். அப்போதுதான் அதைக் கண்டேன்.

கபில நிறக் குதிரையொன்று தலையைத் தாழ்த்தி நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னங்கால்களுக்கும் பின்னங்கால்களுக்கும் இடையே, குளம்புகளிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சுருண்டு படுத்திருந்தது ஒரு நாய். தெருவில் பிறந்து தெருவில் வளர்ந்த சாதாரண நாய்தான். குதிரை காலை மாற்றி வைத்தபோதெல்லாம் ஓர் அரைக்கணம் தாமதித்து, நாய் எங்கே படுத்திருக்கிறதென்று பார்த்தே குளம்பை ஊன்றியது. நாயோ கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"இது உங்கள் நாயா?" என்று கேட்டேன்.

குதிரைக்காரத் தம்பி சிரித்தார். "இல்லைங்க, குதிரையோட நாய். இது வராட்டி அது புல்லு சரியா திங்காது" என்றார்.

ஊர் திரும்பிய பின்னரும் 'குதிரையோட நாய்' என்ற அந்தச் சொற்றொடர் என்னை விடவில்லை. எழுதாமல் இருக்க முடியாதென்று தோன்றியதனால் இன்று எழுதுகிறேன். நாயைப் பற்றியும் குதிரையைப் பற்றியும் எழுத ஆரம்பித்து, வழக்கம்போல எங்கள் ஊரில்தான் போய் நிற்பேன் என்பது இந்தப் பக்கத்துக்குத் தவறாமல் வருகின்ற வாசகர்களுக்குத் தெரிந்ததே.

நாயும் குதிரையும் இயல்பாகச் சேரக்கூடிய இனங்களல்ல. நாய் ஓநாயின் வழிவந்த வேட்டைப் பிராணி. குதிரையோ வேட்டையாடப்படுவது. பின்புறத்தின் சிறு பகுதியைத் தவிரச் சுற்றிலும் பார்க்கக்கூடியவாறு தலையின் இரு பக்கங்களிலும் அதற்குக் கண்கள் அமைந்திருப்பதே, பதுங்கி வரும் பகையை நேரகாலத்தோடு காண்பதற்காகத்தான். நின்றபடியே அது கண்ணயரும் என்பது உண்மையே. ஆயினும் ஆழ்ந்த உறக்கம் வேண்டுமானால் சிறிது நேரமாவது தரையில் படுத்தாக வேண்டும். படுத்த குதிரையால் உடனே எழுந்து ஓட இயலாது. ஆகவே காவலுக்கு வேறொருவர் விழித்திருக்கிறார் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் அது படுப்பதில்லை. மந்தையில் ஒன்று படுக்கையில் இன்னொன்று நின்று பார்த்துக்கொள்கிறது. லாயத்தில் தனித்து அடைபட்ட குதிரைக்கு அந்த இன்னொன்று கிடையாது.

பந்தயக் குதிரைகளை வளர்ப்போர் இதனை நீண்டகாலமாகவே அறிந்திருந்தனர். அமெரிக்காவில் 1930களில் பெரும் புகழ் பெற்ற சீபிஸ்கட் என்னும் பந்தயக் குதிரையின் கதை இதற்கு நல்ல உதாரணம். பயிற்றுநர் டொம் சிமித்தின் கைக்கு வந்தபோது அது உண்ணாமலும் உறங்காமலும் லாயத்துக்குள் ஓயாது சுற்றிக்கொண்டிருந்தது. துணைக்கென்று அவர் முதலில் ஓர் ஆட்டைக் கொண்டுபோய் லாயத்தில் விட்டார். சீபிஸ்கட் அந்த ஆட்டைப் பல்லால் கவ்வி வெளியே எறிந்துவிட்டது. பின்னர் பம்கின் என்ற சாதுவான குதிரையைக் கொண்டுவந்து சேர்த்தார். அதனோடு ஒத்துப்போயிற்று. அதன் பிறகு பொக்கட்டெல் என்ற தெருநாயும் ஜோஜோ என்ற சிலந்திக் குரங்கும் அக்கூட்டத்தில் சேர்ந்துகொண்டன. இரவில் குதிரை படுத்ததும் நாய் அதன் வயிற்றருகிலும் குரங்கு அதன் கழுத்தருகிலும் படுத்து உறங்குமாம். அந்தக் குதிரைதான் 1938 நவம்பர் 1ஆம் திகதி, எவராலும் வெல்ல முடியாதெனக் கருதப்பட்ட வோர் அட்மிரல் என்ற குதிரையை நேருக்கு நேர் பந்தயத்தில் தோற்கடித்தது.

எறியப்பட்ட அந்த ஆட்டை வாசகர்கள் மறந்துவிட வேண்டாம். அதனிடம் நாம் மீண்டும் வருவோம்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். அம்பாறைக் கரையோரத்தின் முஸ்லிம் ஊர்களில் நாய்க்கும் எமக்கும் உள்ள உறவு சிக்கலானது. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி நாயின் உமிழ்நீர் அசுத்தம். பட்ட இடத்தை ஒருமுறை மண் கலந்த நீரால் உட்பட ஏழு முறை கழுவ வேண்டும். ஆகவே வீட்டு வாசலுக்கு நாய் வராது, வரவும் விடமாட்டோம். நான் சிறுவனாக இருந்த காலத்தில் தெருவில் நாயைக் கண்டால் கல்லெடுப்பதுதான் எங்கள் முதல் வேலை. அந்தக் கல்லுக்கு மார்க்கத்தில் ஆதாரம் இருப்பதாகவும் எண்ணிக்கொண்டோம்.

ஆதாரம் எதுவும் இருக்கவில்லை என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். அசுத்தம் பற்றிய சட்டம் வேறு, கருணை பற்றிய கட்டளை வேறு. வேட்டைக்கும் மந்தைக்கும் பயிர்க்காவலுக்கும் நாய் வளர்க்க அனுமதியுண்டு. எங்கள் வயல்வாடிகளிலும் மாட்டுப் பட்டிகளிலும் நாயில்லாமல் காரியம் நடந்ததேயில்லை. மாலிக்கி மத்ஹபினர் நாயை அசுத்தம் என்றே கொள்வதில்லை. தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாயொன்றுக்குக் கிணற்றில் இறங்கிக் காலணியில் நீர் அள்ளிக் கொடுத்த மனிதரின் பாவங்கள் மன்னிக்கப்பட்டதாகச் சொல்லும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் நாம் ஓதும் கஹ்ஃபு அத்தியாயத்தில், குகையில் உறங்கிய இளைஞர்களின் வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்துக் காவலிருப்பது ஒரு நாய். அதே திருமறையில் ஆதியாத் என்ற அத்தியாயம் மூச்சிரைக்க ஓடும் குதிரைகளின் மீது சத்தியமிட்டே ஆரம்பமாகிறது.

அயலூரான பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் ஆலய உற்சவக் காலத்தில் பாண்டவர் கதை ஊரெங்கும் உலவும். அந்தப் பாரதக் கதையின் முடிவில் தம்பியரும் மனைவியும் வழியில் வீழ்ந்துவிட, தருமரோடு கடைசிவரை நடந்து வருவது ஒரு நாய்தான். நாயைக் கைவிட்டால்தான் சொர்க்கம் என்றபோது, அப்படியானால் அந்தச் சொர்க்கம் வேண்டாம் என்றார் தருமர். இரு சமூகத்தாரும் தத்தம் கதைகளில் ஒரு நாயை வாசலிலே வைத்திருக்கிறோம். தெருவிலே காண்கையில் இரு சமூகத்தாருமே கல்லெடுக்கிறோம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு எனத் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறிக் கோக்கப்பட்ட மாலை போன்ற கரை இது. அலை எந்த மணியையும் விட்டுவைக்கவில்லை.

அப்போது நான் பத்திரிகையொன்றின் பிராந்திய நிருபன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மக்கள் தஞ்சமடைந்திருந்த பாடசாலையொன்றுக்குச் செய்தி சேகரிக்கச் சென்றேன். வகுப்பறைத் தாழ்வாரத்தில் மாளிகைக்காட்டைச் சேர்ந்த ஒரு மூத்தம்மா அமர்ந்திருந்தார். வீடும் போய், வீட்டிலுள்ளோரில் பாதிப்பேரும் போய், அவருக்கு மிஞ்சியது ஒரு பெட்டையாடு. அந்த ஆட்டின் விலாவில் முதுகை ஒட்டிக்கொண்டு ஒரு நாய் படுத்திருந்தது. அதன் கழுத்தில் ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. காரைதீவுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பமொன்று வளர்த்த நாயாக இருக்கவேண்டும் என்றார்கள். அந்தக் குடும்பத்தில் எவரேனும் மிஞ்சினரா என்பது எவருக்கும் தெரியவில்லை. அலைக்குப் பின்னர் ஆட்டைத் தேடிப் போனபோது, இடிந்த சுவரொன்றின் மேல் இரண்டும் ஒன்றாக நின்றனவாம். ஆட்டைக் கயிற்றில் பிடித்துக் கூட்டிவர, நாயும் பின்னாலேயே வந்துவிட்டதாம்.

நிவாரணச் சோற்றில் ஒரு கைப்பிடியை அந்த மூதாட்டி ஒரு சிரட்டையில் போட்டு, கைபடாமல் குச்சியால் நாயின் பக்கம் தள்ளினார். நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும் ஏதோ குற்றம் செய்தவர்போல விளக்கம் சொன்னார்.

"அதுக்கும் ஆரும் இல்ல மனே. இந்த ஆட்டுக்குட்டியத்தான் அது நம்பியிருக்கு."

ஏழு முறை கழுவும் சட்டத்தை அவர் கைவிடவில்லை. அதற்காகத்தான் குச்சி. கருணையையும் கைவிடவில்லை. அதற்காகத்தான் சோறு. மார்க்கத்தையும் மனிதாபிமானத்தையும் எதிரெதிரே நிறுத்தி மேடைகளில் பேசும் பலரைப் பின்னாளில் கேட்டிருக்கிறேன். ஒரு சிரட்டையாலும் ஒரு குச்சியாலும் அவ்விரண்டையும் ஒருங்கே காப்பாற்றிய அந்த மூத்தம்மாவைப்போல் அதனை விளக்கியவர் எவருமில்லை.

அந்தச் செய்தியை நான் எழுதவில்லை. பிணங்களை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் ஆட்டையும் நாயையும் பற்றி எழுதுவது அவமரியாதை என்று நினைத்தேன். ஆனால் அதே வாரத்தில், எங்கள் கரையை அழித்த அதே அலையின் மறுமுனையில், அதையொத்த இன்னொரு கதை தொடங்கியிருந்தது. அதை உலகமே வாசித்தது.

கென்யாவின் மலிந்திக் கரையில் கடற்பாறையொன்றில் தாயை இழந்து தனித்து நின்ற ஒரு நீர்யானைக் குட்டியை, டிசம்பர் 27ஆம் திகதி ஊர்மக்களும் மீனவர்களும் வலைபோட்டு மீட்டனர். மீட்கப் பாடுபட்டவர்களுள் ஒருவரின் பெயரையே வைத்து அதற்கு ஓவன் என்று பெயரிட்டனர். மொம்பாசா அருகேயுள்ள ஹோலர் பூங்காவில் கொண்டுபோய் விட்டதும் அந்தக் குட்டி நேரே ஓடிப்போய் ஓர் ஆமையின் பின்னால் ஒளிந்துகொண்டது. அது ஏறக்குறைய 130 வயதான அல்டாப்ரா இராட்சத ஆமை. பெயர் ம்ஸீ. சுவாஹிலி மொழியில் முதியவர் என்று பொருள். ஆமை முதலில் சீறிற்று, விலகிச் சென்றது. குட்டி விடவில்லை. சில நாட்களில் இரண்டும் ஒன்றாக உண்டு, ஒன்றாக நீந்தி, ஒன்றாக உறங்கின. பூங்காவுக்குப் பொறுப்பாயிருந்த கலாநிதி பவுலா கஹும்பு இதைப் பதிவுசெய்தார். உலகெங்கும் பரவிய புகைப்படங்களை எடுத்தவர் பீட்டர் கிறெஸ்ட் என்ற ஊடகவியலாளர். பின்னாளில் 2013 டிசம்பரில் எகிப்தில் கைதுசெய்யப்பட்டு, நானூறு நாட்கள் சிறையிலிருந்தாரே, அவரேதான்.

அந்த நாட்களில் எங்கள் கல்முனையிலிருந்து உலகம் வாசித்த கதை வேறொன்று. இடிபாடுகளிடையே கண்டெடுக்கப்பட்டு, அன்றைய 81ஆவது நோயாளியாகக் கல்முனை வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட கைக்குழந்தை. 'குழந்தை 81' என்று அதற்கு ஊடகங்கள் பெயர் சூட்டின. ஒன்பது தம்பதியர் அக்குழந்தைக்கு உரிமை கோருவதாக உலகமெங்கும் எழுதினார்கள். நீதிமன்றப் படியேறி இறுதிவரை நின்றவர்கள் ஒரேயொரு தம்பதியர்தான். 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனை அவர்களே பெற்றோர் என உறுதிசெய்தது. ஒரு குழந்தைக்காக ஒன்பது தாய்மார் அடித்துக்கொண்டனர் என்பது பரபரப்பான செய்தி. பெயர் தெரியாத அந்தப் பச்சைக் குழந்தையை எந்தச் சமூகத்துப் பிள்ளை என்று கேளாமல் தூக்கி வந்து, கேளாமல் காத்த கைகளைப் பற்றிய செய்தியோ பரபரப்பற்றது. ஆகவே முதலாவது அச்சேறியது, இரண்டாவது ஏறவில்லை. சண்டையைச் செய்தியாகவும் சமாதானத்தைச் சாதாரணமாகவும் கருதும் எங்கள் தொழிலின் பிழை இது. அந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு என்பதற்கு அந்தச் சிரட்டைச் சோறே சாட்சி.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. விலங்குகளின் நட்பைக் கண்டதும், 'ஐந்தறிவுள்ளவையே இப்படியிருக்க, ஆறறிவுள்ள நாம்...' என்று ஆரம்பிக்கும் பிரசங்கத்தை நான் செய்யப்போவதில்லை. அது சோம்பேறித்தனமான வாதம். மனிதச் சமூகங்களை நாயென்றும் குதிரையென்றும் உருவகிப்பதும் என் நோக்கமன்று. ஒன்றுக்கொன்று அஞ்ச வேண்டிய இரண்டு எவ்வாறு அஞ்சாமல் வாழக் கற்கின்றன என்பதுதான் என் அக்கறை. இதற்கு ஆராய்ச்சியாளர்கள் ஓரளவு விடை கண்டிருக்கிறார்கள்.

இத்தாலியின் பீசா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாயும் குதிரையும் விளையாடும் 20 காணொளிகளை நுணுகி ஆராய்ந்து 2020இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் கண்டவை பல. இரண்டும் ஒன்றின் முகபாவத்தை மற்றது நொடிப்பொழுதில் பிரதிபலிக்கின்றன. வாயைத் தளரத் திறந்து 'இது விளையாட்டுத்தான்' என்று சொல்லிக்கொள்கின்றன. எல்லாவற்றிலும் முக்கியமாக, இரண்டுமே தம்மைத் தாமே பலவீனமான நிலையில் வைத்துக்கொள்கின்றன. தரையில் மல்லாந்து புரள்வது அதற்கு ஓர் உதாரணம். நானூறு கிலோவுக்கு மேற்பட்ட குதிரை, இருபது கிலோ நாயோடு விளையாட வேண்டுமாயின், தன் முழுப் பலத்தையும் காட்டக் கூடாது. காட்டினால் விளையாட்டும் முடிந்தது, நாயும் முடிந்தது. பற்களையுடைய நாயும் கடிக்கக் கூடாது.

இந்த நட்பின் அடிப்படை அன்பு மட்டுமன்று, அடக்கமும்தான். வாவிக்கரைக் குதிரை குளம்பை ஊன்றுமுன் அரைக்கணம் தாமதித்ததே, அந்த அரைக்கணம்தான் நட்பு.

ஓவனினதும் ம்ஸீயினதும் கதையின் முடிவைப் பலர் அறியமாட்டார்கள். சிறுவர் புத்தகத்தின் கடைசிப் படத்தில் இரண்டும் ஒன்றாகவே படுத்திருக்கும். நிஜத்தில் ஓவன் வளர்ந்தது. நீர்யானை வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் என்பது தெரிந்ததே. விளையாட்டாகத் தள்ளினாலும் முதிய ஆமையின் ஓடு உடையக்கூடும் என்று அஞ்சிய பூங்காவினர் சில ஆண்டுகளில் இரண்டையும் பிரித்து, ஓவனைக் கிளியோ என்ற பெண் நீர்யானையுடன் சேர்த்தனர். ஓவனிடம் பகையொன்றும் இருக்கவில்லை. தன் பருமனை அறியாமை மட்டுமே இருந்தது. ஆயினும் இடையில் வேலி போடவேண்டி வந்தது.

இப்போது எங்கள் வேலிக்கு வருகிறேன்.

கிழக்கிலே தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்பது வழக்கு. குழலில் மாவும் பூவும் மாறி மாறி வருவதுபோல ஊர்கள் மாறி மாறி வருகின்றன. தாய்வழிக் குடிமுறை இருசாராருக்கும் பொது. வயலும் கடலும் சந்தையும் பொது. அந்த உறவில் இரத்தம் தெறித்த நாட்களும் உண்டு. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர்.

அக்காலத்தில் நான் பேராதனையில் கலைப்பீட மாணவன். என் விடுதியறையைப் பகிர்ந்துகொண்டவர் எங்கள் மாவட்டத்துத் தமிழ் நண்பர். அந்த ஆகஸ்ட் மாதத்தில் ஒவ்வொரு செய்தியாக வானொலியில் வந்தபோது நாங்கள் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. எங்களிடம் வாதங்கள் இல்லாமலில்லை. இருவரிடமும் நிறையவே இருந்தன. இரவில் அவர் வழக்கம்போல இரண்டு கோப்பைத் தேநீர் ஊற்றினார். நான் வழக்கம்போல வாங்கிக் குடித்தேன். அந்த வாதங்களை நாங்கள் அன்று எடுத்திருந்தால், இன்றும் பெருநாளுக்கு அவரும் தைப்பொங்கலுக்கு நானும் தொலைபேசி எடுத்துக்கொண்டிருக்க மாட்டோம். இரண்டு இளைஞர்கள் தம் பற்களைக் காட்டாமல் இருந்ததை அப்போது கோழைத்தனமென்று எண்ணியதுண்டு. இன்று அப்படி எண்ணவில்லை.

கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துவது பற்றிய பிணக்கு மூன்று தசாப்தங்களைக் கடந்துவிட்டது. அதற்காக 2019 ஜூனில் உண்ணாவிரதம் நடந்தது, அதற்கெதிராகப் போராட்டமும் நடந்தது. கொழும்பிலிருந்து அமைச்சர்கள் வந்தார்கள், வாக்குறுதியளித்தார்கள், போனார்கள். கோடு எந்தத் தெருவால் போகவேண்டும், எந்த வீதி எந்தப் பக்கம் விழவேண்டும் என்பது பற்றி இங்கு நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. தீர்ப்புக்கு முன்னர் இருக்கவேண்டிய மனநிலை பற்றியே எழுதுகிறேன். இதை முதன்மையாக என் சொந்தச் சமூகத்தாருக்கே எழுதுகிறேன்.

இந்த நாட்டில் எந்தச் சமூகமும் எல்லா இடத்திலும் பெரிதல்ல, எல்லா இடத்திலும் சிறிதுமல்ல. அம்பாறை நகரில் சிங்களவர் பெரும்பான்மை. மட்டக்களப்பு மாவட்டத்தில் தமிழர் பெரும்பான்மை. 2001இல் மாநகர சபையான எங்கள் கல்முனையில் முஸ்லிம்கள் பெரும்பான்மை. அம்பாறைக் கச்சேரியில் எங்கள் மொழியில் ஒரு கடிதம் பெறுவதற்கு நாம் படும் பாட்டை மேடைதோறும் சொல்கிறோம். அது நியாயமான முறைப்பாடு. அதே முறைப்பாட்டை எங்கள் நகரிலே எங்களை நோக்கி அயலவர் சொல்லும்போது மட்டும் அதில் சதியைக் காண்கிறோம். மட்டக்களப்பிலே அளவுகோல் திரும்பும்போது அங்குள்ள தமிழ்ச் சகோதரர்களும் இதே தவற்றைச் செய்கிறார்கள். தனக்குச் சிறியவன் வலி தெரியும் இடத்தில் பேசுவதும், தான் பெரியவனாயிருக்கும் இடத்தில் மறப்பதும் எல்லாருக்கும் பொதுவான நோய்.

பெரியவன்தான் முதலில் மல்லாந்து புரளவேண்டும் என்பது பீசா ஆய்விலிருந்து நானாக எடுத்துக்கொள்ளும் பாடம். சிறியவன் புரண்டால் அது சரணாகதி. பெரியவன் புரண்டால் அது அழைப்பு. கல்முனையிலே அந்த அழைப்பை விடுக்கவேண்டியவர்கள் நாங்கள். 'உங்கள் கோரிக்கை என்ன' என்று கேட்பதற்கு முன்னர் 'உங்கள் அச்சம் என்ன' என்று கேட்கவேண்டும். எங்கள் வர்த்தகர்களுக்கும் அச்சமுண்டு. கடைத்தெரு கைநழுவும், வருமானம் போகும் என்ற அச்சம் அது. அதையும் அவர்களிடம் ஒளிக்காமல் சொல்லவேண்டும். அச்சத்தை அச்சமென்று சொல்லாமல் உரிமையென்றும் வரலாறென்றும் வேடமிட்டுச் சொல்வதனால்தான் முப்பது ஆண்டுகளாக எவருக்கும் எதுவும் விளங்கவில்லை.

இதற்கு நல்லிணக்கக் கூட்டங்கள் போதாவா என்று கேட்கலாம். ஆழிப்பேரலைக்குப் பின்னர் இந்தக் கரையில் எத்தனை நல்லிணக்கப் பட்டறைகள் நடந்தன! விடுதி மண்டபத்தில் கூடினோம், பகலுணவு உண்டோம், குழுப் புகைப்படம் எடுத்தோம், கலைந்தோம். நானும் பலவற்றுக்குச் செய்தி எழுதினேன். சீபிஸ்கட்டின் லாயத்தில் கொண்டுபோய் விட்ட ஆடு என்று நான் முன்னர் சொன்னது இவற்றைத்தான். வெளியிலிருந்து ஒருவர் கொண்டுவந்து விட்டதனால் மட்டும் நட்பு உண்டாவதில்லை. பம்கின் வெற்றிபெற்றது, அது இரவும் பகலும் அங்கேயே இருந்ததனால்தான். ஒரே இடத்தில் நெடுங்காலம் இருப்பதும், ஒன்றின் வரவை மற்றது எதிர்பார்க்கும் தேவை இருப்பதுமே நட்பின் இயந்திரம்.

அந்த ஒரே இடம் எங்களிடம் சுருங்கி வருகிறது. எங்கள் தந்தையர் காலத்தில் முஸ்லிம் பிள்ளைகள் பலர் கல்முனையின் மிஷன் பாடசாலைகளில் தமிழ்ப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படித்தனர். இன்று பாடசாலை வேறு, விளையாட்டுக் கழகம் வேறு, வைத்தியசாலையும் நடைமுறையில் வேறு. என் வாப்பாவுக்குக் காரைதீவில் கூப்பிட்ட குரலுக்கு வரும் நண்பர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். எனக்கு மூவர் உண்டு. என் மகனுக்கு முகநூலில் நண்பர்கள் ஆயிரம் பேர், காரைதீவில் ஒருவருமில்லை. இந்தக் கணக்குத்தான் எனக்குப் பயமூட்டுகிறது.

பெரிய காரியங்களை விட்டுச் சிறிய காரியமொன்றைச் சொல்கிறேன். எங்கள் நகரின் கட்டாக்காலி நாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குப் பிரதேச எல்லை கிடையாது. பாண்டிருப்பில் குட்டிபோட்டு மருதமுனையில் குப்பை கிளறி நற்பிட்டிமுனையில் குரைக்கும். 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு முந்நூறுக்கும் மேற்பட்டோரை நீர்வெறுப்பு நோய்க்குப் பலிகொடுத்த நாடு இது. அந்தத் தொகை அண்மைய காலத்தில் முப்பதை அண்டிக் குறைந்திருப்பது நாய்களைக் கொன்றதனால் அன்று. நாய்களுக்குத் தடுப்பூசி போட்டதனாலும், கடிபட்டவர் உடனே வைத்தியசாலைக்குப் போகக் கற்றதனாலும்தான். கொல்வதை 2006இல் அரசு நிறுத்திவிட்டது. தடுப்பூசியும் கருத்தடையும் ஒரு வட்டாரத்தில் மட்டும் செய்தால் பயனில்லை. அடுத்த வட்டாரத்து நாய் வந்துவிடும். இரு சமூகத்து இளைஞர்களும் மிருக வைத்தியரோடு ஒன்றாகத் தெருத் தெருவாகப் போனால்தான் முடியும். ஒரு வாரம் ஒன்றாக நாய் பிடித்தவர்கள், ஒன்றாகக் கடிபடப் பார்த்தவர்கள், ஓராண்டுக் காலம் பட்டறையில் இருந்தவர்களைவிட நெருக்கமாவார்கள் என்பது என் எண்ணம். நாய்க்குக் கருணை காட்டியது போலவும் ஆகும், பிள்ளைகளைக் காத்தது போலவும் ஆகும். கையைப் பின்னர் ஏழு முறை கழுவிக்கொள்ளலாம்.

அந்த நாயும் ஆடும் பின்னர் என்னவாயின என்று சிலர் கேட்கக்கூடும். சில மாதங்களின் பின் அந்த மூத்தம்மாவைத் தற்காலிகக் கொட்டில்களில் தேடிச் சென்றேன். ஆடு ஈன்றிருந்தது. நாய் கொட்டிலுக்கு வெளியே, வாசலுக்குச் சரியாக இரண்டு முழம் தள்ளி, குட்டிகளைப் பார்த்தவாறு படுத்திருந்தது. அந்த இரண்டு முழத்தை யார் வகுத்தார்கள் என்று கேட்டேன்.

"நான் ஒரு தரம் சொன்னன். பிறகு அது தாண்டேல்ல" என்றார்.

வேறு எதையும் நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவுமில்லை. அங்கேயும் ஒரு கோடு இருந்தது. எந்த வரைபடத்திலும் எந்த வர்த்தமானியிலும் இல்லாத அந்தக் கோட்டை ஒருத்தி சொன்னாள், ஒன்று ஏற்றது. கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் இருவருமே பசியாறினர், பயமின்றி உறங்கினர். கோடு எங்கே விழுகிறது என்பதைவிட, அது எந்த மனத்தோடு வகுக்கப்படுகிறது என்பதே பெரிது என்று இன்றுவரை நான் நம்புவதற்கு அந்தக் கொட்டில் வாசலே காரணம்.